பச்சை குத்திய வரலாறும் புண் ஆற்றும் முறையும்

மனிதன் எழுதக் கற்றுக்கொண்ட இடங்கள் பல. கல்லில் எழுதினான், செம்பில் எழுதினான், பனையோலையில் எழுதினான். இவை எல்லாவற்றிற்கும் முன்னரே அவன் எழுதிய ஏடு ஒன்று உண்டு. அஃது அவனுடைய தோலேயாகும். தோலில் ஊசியால் துளையிட்டு, மையை உள்ளே செலுத்தி, வாழ்நாள் முழுவதும் அழியாத குறி செய்துகொள்ளும் வழக்கத்தைத் தமிழர் 'பச்சை குத்துதல்' என்பர். இக்காலத்து இளைஞர் இதனை 'டாட்டூ' என்று வழங்குகின்றனர். பெயர் மாறினும் செயல் ஒன்றே. அச்செயலின் வரலாற்றையும், குத்திய புண்ணை ஈரப்பதம் காத்து ஆற்றும் முறையையும் பற்றி மாணவர்களாகிய உங்களுக்குச் சில கூற விரும்புகின்றேன்.

வரலாற்றுப் பேச்சில் புண்ணுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பச்சை குத்துதல் என்பது ஓவியம் மட்டும் அன்று. அது முதலில் ஒரு காயம். காயம் நன்றாக ஆறினால் ஓவியம் நிற்கும்; ஆறாவிட்டால் ஓவியமும் கெடும், உடம்பும் கெடும். ஆகவே பச்சை குத்தியவர்களின் வரலாறு, புண் ஆற்றியவர்களின் வரலாறும் ஆகும். ஒன்றை விடுத்து மற்றொன்றைச் சொல்லுதல் இயலாது.

இந்தப் பேச்சுக்கு வேறொரு காரணமும் உண்டு. நான் வாழும் வடசென்னைப் பகுதியில், திருவொற்றியூருக்கு மேற்கே மணலிக்குச் செல்லும் வழியில், சாத்தாங்காடு என்னும் ஊர் உள்ளது. அங்கே இரும்பு எஃகுச் சந்தை இருக்கின்றது. தகடுகளும் கம்பிகளும் மலைபோலக் குவிந்துள்ள அவ்விடத்தில் நாள்தோறும் இளைஞர் பலர் உழைக்கின்றனர். அவர்களுள் பலருடைய கைகளில் தாயின் பெயர், குழந்தையின் பெயர், வேல், சிலுவை, பிறை ஆகியவற்றைக் காணலாம். குத்திய மறுநாளே இரும்புத் தூசியிலும் வியர்வையிலும் வேலைக்கு வந்து நிற்பவர்களையும் கண்டிருக்கின்றேன். பள்ளியில் பணியாற்றிய காலத்தில், புதிதாகக் குத்திக்கொண்ட பச்சையைச் சட்டைக் கைக்குள் மறைத்து வைத்து, புண் வீங்கிச் சீழ் பிடித்த பிறகே ஆசிரியரிடம் காட்டிய மாணவர்களும் உண்டு. அறியாமையால் வரும் துன்பம் அறிவால் நீங்கும். அந்த அறிவு நம் பாட்டிமார் காலத்திலும் ஓரளவு இருந்தது என்பதைக் காட்டுவதும் என் நோக்கமாகும்.

முதலில் பெயரை ஆராய்வோம். குத்தும் மை கரியது. விளக்குக் கரியே அதன் முதற்பொருள். கரிய மையால் எழுதியதைப் 'பச்சை' என்பது ஏன்? மை தோலின் மேற்பரப்பில் இராமல் சற்று ஆழத்தில் தங்குகின்றது. வெளிச்சம் மேல்தோலைக் கடந்து சென்று திரும்பும்போது சிதறுகின்றது. அதனால் உள்ளே கறுப்பாக உள்ள மை வெளியே நீலம் கலந்த பசுமையாகத் தோன்றுகின்றது. நம் கையில் ஓடும் நரம்பு பச்சையாகத் தோன்றுவதும் ஏறத்தாழ இத்தகையதே. கண்ணுக்குத் தெரிந்த நிறத்தைக் கொண்டு நம் முன்னோர் பெயரிட்டனர்.

வேறு சில வழக்கங்களை இதனோடு குழப்பிக்கொள்ளுதல் கூடாது. பழந்தமிழ் இலக்கியங்களில் 'தொய்யில்' எழுதுதல் பேசப்படுகின்றது. அது சந்தனக் குழம்பு முதலியவற்றால் மேனியின்மேல் எழுதும் கோலம். நீர் பட்டால் அழிவது. வைணவ சமயத்தார் தோள்களில் சங்கு சக்கரப் பொறி ஒற்றிக்கொள்வர். அது சூட்டினால் இடும் முத்திரை. ஊசியால் குத்துவது அன்று. மருதாணி தோலின் மேலடுக்கைச் சாயமேற்றுவது. சில வாரங்களில் மறைவது. பச்சை குத்துதலோ இவற்றினின்று வேறானது. ஊசி, மை, குருதி, ஆறுதல் என்னும் நான்கும் கூடியே அது முடிகின்றது.

இவ்வழக்கம் எவ்வளவு பழமையானது? 1991-ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலையில், ஆஸ்திரிய இத்தாலிய எல்லையருகே, பனிக்கட்டியில் உறைந்திருந்த ஒரு மனிதனின் உடலைக் கண்டெடுத்தனர். அவன் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். 'ஊட்ஸி' என்று அறிஞர் அவனுக்குப் பெயரிட்டுள்ளனர். அவன் உடலில் கோடுகளும் சிலுவை வடிவங்களுமாக 61 குறிகள் உள்ளன. அவற்றுள் பல, முதுகு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் உள்ளன. தேய்ந்த மூட்டுகளின் வலியைத் தீர்க்கவே அவன் குத்திக்கொண்டிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். அவ்வாறாயின், மனிதன் பச்சை குத்திக்கொண்டது அழகுக்காக மட்டும் அன்று. மருந்தாகவும் கருதியே என்பது விளங்கும்.

'டாட்டூ' என்னும் சொல் நம் நாட்டதும் அன்று, ஆங்கிலேயர் நாட்டதும் அன்று. 1769-ஆம் ஆண்டில் கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக் பசிபிக் கடலில் உள்ள தாகித்தித் தீவுக்குச் சென்றார். அத்தீவினர் இச்செயலைத் 'தத்தாவ்' என்று வழங்கினர். அச்சொல்லே மாலுமிகளின் வாய்வழியாக ஐரோப்பா சென்று, 'டாட்டூ' என்று உருமாறி, இன்று உலகெங்கும் உலவுகின்றது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஊர் ஊராகச் சென்று பச்சை குத்தியவர்கள் குறவர் குலத்துப் பெண்டிர் ஆவர். ஊசிமணி பாசிமணி விற்கும் நரிக்குறவர் வேறு, குறவர் வேறு. கூடை முடைதல், குறி சொல்லுதல், பச்சை குத்துதல் ஆகியவை குறவர் மகளிரின் தொழில்களாக இருந்தன. குறவஞ்சி நூல்களில் குறத்தி கையைப் பற்றிக் குறி சொல்வதைப் படித்திருப்பீர்கள். அதே கையைப் பற்றித்தான் அவள் பச்சையும் குத்தினாள்.

சென்னை அரசாங்க அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன் என்பவர், இத்தொழிலின் நுட்பங்களைத் தம் நூல்களில் எழுதி வைத்துள்ளார். கே. ரங்காச்சாரியின் துணையோடு அவர் 1909-இல் வெளியிட்ட, தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றிய ஏழு தொகுதிகள் பெயர் பெற்றவை. மனிதரை மண்டையோட்டளவாலும் மூக்களவாலும் வகைப்படுத்த முயன்ற அவருடைய முறையை இன்றைய அறிஞர் ஏற்பதில்லை. எனினும், கண்ணால் கண்ட தொழில்முறைகளைப் பற்றி அவர் எழுதிய குறிப்புகள் இன்றும் நமக்குப் பயன்படுகின்றன.

மை செய்யும் முறையை அக்குறிப்புகள் கூறுகின்றன. மஞ்சள் பொடியையும் அகத்திக் கீரையையும் சேர்த்து அரைப்பர். அந்த விழுதை மெல்லிய துணியில் தடவித் திரியாகச் சுருட்டுவர். ஆமணக்கெண்ணெய் வார்த்த அகல் விளக்கில் அத்திரியை ஏற்றுவர். அதன்மேல் புதிய மண்பானை ஒன்றைக் கவிழ்ப்பர். திரி எரிய எரியப் பானையின் உட்புறத்தில் கரி படியும். அதனைச் சுரண்டி எடுத்துத் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைப்பர். இதுவே மை. புதுப்பானை எதற்கு என்று எண்ணிப் பாருங்கள். பழம்பானையில் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். நெருப்பிலிருந்து நேரே எழுந்த கரி, படியும்போது தூய்மையானது. கிருமி என்னும் சொல்லை அறியாத காலத்திலும், தூய்மை என்னும் கருத்தை அப்பெண்கள் அறிந்திருந்தனர்.

குத்தும் கருவி எளியது. தையல் ஊசிகள் சிலவற்றை முனை நெருங்குமாறு சேர்த்துக் கட்டுவர். ஊசி கிடைக்காவிடில் கருவேல முள்ளும் உதவும். முதலில் மழுங்கிய குச்சியை மையில் தோய்த்து உருவத்தை வரைவர். பிறகு அதன்மேல் குத்துவர். வலி தெரியாமல் இருக்கப் பாடிக்கொண்டே குத்துவர். குத்தி முடிந்தபின் அவ்விடத்தை நீரால் கழுவி, ஒரு சிட்டிகை மஞ்சள் பொடியைத் தடவுவர். நிறம் தெளியும், வீக்கம் வாராது என்பது அவர்கள் நம்பிக்கை. வீட்டுக்குச் சென்றபின் புண் காய்ந்து வெடிக்காமல் இருக்க எண்ணெய் தடவிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. இந்தக் கடைசிப் பகுதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கழுவுதல், வீக்கம் தணித்தல், நெய்ப்புக் கொடுத்தல் என்னும் மூன்றும் அதில் அடங்கியுள்ளன.

என் பாட்டியாரின் முன்கையில் புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்லும் ஒரு கோலம் குத்தியிருந்தது. வாயிற்கோலத்தைப் போலவே அதற்கும் தொடக்கமும் முடிவும் தெரியாது. சிறுவனாக இருந்தபோது அந்தக் கோட்டை விரலால் தொடர்ந்து பார்ப்பது எனக்கு விளையாட்டு. "நகை நட்டெல்லாம் இங்கேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் போகவேண்டும், இது ஒன்றுதான் கூட வரும்" என்று அவர் சொல்வார். கோலம், தேள், தாமரை, கணவன் பெயர் ஆகியவை அக்காலத்து மகளிர் விரும்பிய உருவங்கள். பொன் வாங்க இயலாத ஏழை மகளிருக்கு அதுவே திருடர் கவர முடியாத அணியாக இருந்தது. நீலகிரியில் தோடர் குலப் பெண்கள் தோளிலும் மார்பிலும் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டதை மேனாட்டு ஆராய்ச்சியாளர் பலர் எழுதியுள்ளனர்.

சென்னை துறைமுக நகரம். துறைமுகம் உள்ள இடத்தில் மாலுமிகள் இருப்பர். மாலுமிகள் உள்ள இடத்தில் பச்சை இருக்கும். சென்னையில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியர்களின் உடலளவுகளைத் தர்ஸ்டன் எடுத்தபோது, அவர்களுள் பலர் பச்சை குத்தியிருந்ததைக் கண்டார். சிலுவைகளும் பெயரின் முதலெழுத்துகளும் அவற்றுள் இருந்தன. கிராமத்துக் குறத்தியின் கோலமும், கடலோடியின் சிலுவையும் ஒரே நகரத்தில் ஒன்றையொன்று கடந்து சென்றன.

இத்துறைமுகத்திலிருந்து வேறொரு கூட்டமும் புறப்பட்டது. 1860-ஆம் ஆண்டு அக்டோபரில் 'துரூரோ' என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்றது. அவ்வாண்டு நவம்பர் 16-இல் அது டர்பன் சேர்ந்தது. நேட்டாலுக்குச் சென்ற கூலிகளைப் பற்றிய பதிவேடுகளில், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் ஆகியவற்றோடு உடலில் உள்ள அடையாளங்களுக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. மச்சமும் தழும்பும் பச்சைக் குறியும் அங்கே ஏறின. தாய் ஆசையோடு குத்துவித்த குறி, கணக்குப்பிள்ளையின் ஏட்டில் ஆளைப் பிடிக்கும் அடையாளமாயிற்று. அழகுக்காக இட்ட குறி அதிகாரத்தின் கையில் என்ன ஆகும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

அதைவிடக் கொடியது ஒன்றும் நிகழ்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1797-இல் வங்காளத்தில் ஒரு சட்டம் செய்தனர். ஆயுள் தண்டனை பெற்ற கைதியின் நெற்றியில், அவன் பெயரையும் குற்றத்தையும் தண்டனை விவரத்தையும் நாட்டு மொழியில் பச்சை குத்துமாறு அது விதித்தது. இதனைக் 'கோத்னா' என்பர். 1802-இல் அம்முறை சென்னை மாகாணத்துக்கும் வந்தது. விரும்பி ஏற்ற அணியாக இருந்த பச்சை, விரும்பாதவன் நெற்றியில் இட்ட தண்டனையாயிற்று. தலைப்பாகையை இறக்கிக் கட்டி மறைக்க முயன்றவர் உண்டு. தண்டனை தவறு என்று பின்னர்த் தெரியவந்தாலும், குத்தியது அழியாது. 1849-இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

நெற்றியில் குத்துவது ஒழிந்தது. ஆனால் குலத்தின்மேல் குத்துவது பிறகு வந்தது. 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றப்பெற்றது. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அது சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. பிறப்பினாலேயே குற்றவாளிகள் என்று அரசு அறிவித்த குலங்களுள் குறவர்களும் இருந்தனர். ஊர்விட்டு ஊர் செல்ல அனுமதி வேண்டும். காவல் நிலையத்தில் கைரேகை வைக்க வேண்டும். ஊர் ஊராகச் சென்று பிழைக்கும் பச்சை குத்தும் தொழிலுக்கு இதைவிட இடையூறு வேறு வேண்டுமா? பிறர் கையில் அழகிய குறிகளைக் குத்திய குலத்தின்மேல் அரசாங்கம் ஓர் இழிவுக் குறியைக் குத்தியது. சென்னை மாகாணத்தில் 1947-இலும், இந்தியா முழுவதிலும் 1952-இலும் இச்சட்டம் நீக்கப்பட்டது. சட்டம் போய்விட்டது, அது விட்டுச்சென்ற தழும்பு இன்னும் முற்றும் மறையவில்லை. இத்தழும்பை ஆற்றும் கடமை மாணவர்களாகிய உங்கள் தலைமுறைக்கு உண்டு.

தொழில் நலிந்த இடத்தில் பொறி நுழைந்தது. 1876-இல் தாமஸ் எடிசன், தாளில் துளையிட்டுப் படியெடுக்கும் மின்பேனா ஒன்றுக்கு உரிமை பெற்றார். அதன் அமைப்பைத் தழுவி, 1891-இல் நியூயார்க் நகரத்துச் சாமுவேல் ஓரைலி என்பவர் பச்சை குத்தும் மின்பொறிக்கு உரிமை பெற்றார். இன்று கடைகளில் ஒலிக்கும் பொறிகள் அதன் வழித்தோன்றல்களே. அலுவலகத்தில் படியெடுக்கப் பிறந்த கருவி, மனிதத் தோலில் படம் எழுதும் கருவியாயிற்று.

இனித் தோலின் இயல்பைக் காண்போம். தோலுக்கு மேல்தோல், உள்தோல் என்னும் இரு முக்கிய அடுக்குகள் உண்டு. மேல்தோல் மிக மெல்லியது. அதன் உயிரணுக்கள் கீழிருந்து பிறந்து, மேலே ஏறி, உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. ஏறத்தாழ ஒரு திங்களில் அது புதிதாகிவிடும். மை அங்கே தங்கினால் ஒரு திங்களில் உதிர்ந்துபோம். ஆகவே ஊசி அதனைக் கடந்து, ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் உள்தோலில் மையைச் சேர்க்கின்றது. உடம்பு அதனைப் பகையாகக் கருதுகின்றது. பெருவிழுங்கி அணுக்கள் ஓடிவந்து மைத்துகளை விழுங்குகின்றன. ஆனால் அவற்றால் அதனைச் செரிக்க இயலாது. அந்த அணு இறக்கும்போது மை வெளிப்படுகின்றது. அடுத்து வரும் அணு அதனை விழுங்குகின்றது. இந்த உண்மையை 2018-இல் பிரான்சு நாட்டு மார்சேய் நகர ஆராய்ச்சியாளர் எலிகளின் தோலில் காட்டினர். ஓர் ஆசிரியர் ஓய்வு பெறும்போது மற்றோர் ஆசிரியர் அதே வகுப்பை ஏற்பதுபோல, அணுக்கள் மாறினும் மை இடம் மாறுவதில்லை.

குத்தி முடிந்தவுடன் மேல்தோலில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் திறந்திருக்கும். தோல் என்னும் கோட்டையில் அத்தனை வாயில்கள்! முதல் சில நாட்கள் சிவத்தலும் சிறு வீக்கமும் நீர்க்கசிவும் இருக்கும். பிறகு மெல்லிய பொருக்கு எழும்பும், தினவு எடுக்கும், பொருக்குத் தானே உதிரும். மேற்பரப்பு மூடுவதற்கு ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். உள்ளே ஆறுவதற்கு மேலும் சில வாரங்கள் செல்லும்.

இங்கேதான் ஈரப்பதத்தின் கேள்வி எழுகின்றது. புண்ணைக் காற்றாட விட்டுக் காய வைக்க வேண்டும் என்பது நெடுங்கால நம்பிக்கை. 1962-இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் வின்டர் என்னும் அறிஞர் ஓர் ஆய்வை வெளியிட்டார். பன்றிகளின் தோலில் ஆழமில்லாத காயங்களைச் செய்து, சிலவற்றைத் திறந்து விட்டார்; சிலவற்றை மெல்லிய படலத்தால் மூடினார். மூடி ஈரம் காத்த புண்களில் புதுத்தோல் ஏறத்தாழ இரு மடங்கு விரைவாகப் படர்ந்தது. காரணம் எளிதானது. புதிய தோலணுக்கள் புண்ணின் ஓரத்திலிருந்து நகர்ந்து வந்தே இடைவெளியை மூடுகின்றன. ஈரமான பரப்பில் அவை வழுக்கிச் செல்லும். காய்ந்த பொருக்கு எழும்பினாலோ, அதன் அடியில் ஈரம் உள்ள இடம் தேடித் தோண்டிக்கொண்டு செல்ல வேண்டும். உழவு மாடு நனைந்த நிலத்தில் நடப்பதற்கும், பாளம் வெடித்த நிலத்தில் நடப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. பச்சை குத்திய இடத்தில் தடித்த பொருக்கு எழுந்து வெடித்தால், மையும் அதனோடு பெயர்ந்து வரும், கோடு விட்டுப்போகும்.

எனினும், ஈரப்பதம் வேறு. ஈரத்தில் ஊறுதல் வேறு. களிம்பை அப்பினால் தோல் ஊறி வெளுக்கும், வியர்வை அடைபடும், கிருமி பெருகும். விதைக்கு நீர் வேண்டும், வெள்ளம் வேண்டா. இந்த அளவறிதலே முறையின் உயிர்நாடியாகும்.

செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கின்றேன். முதலாவது, பச்சையைத் தொடுமுன் கையைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும். கைகழுவாமல் தொட்டால் பின்பு செய்யும் எதுவும் பயன் தாராது. இரண்டாவது, குத்தியவர் சுற்றிய கட்டை அவர் சொன்ன நேரத்தில் எடுத்து, தூய இளஞ்சூட்டு நீராலும் மணமில்லாத மென்மையான சோப்பாலும் மெல்லக் கழுவுதல் வேண்டும். நார், கல் முதலியவற்றால் தேய்த்தல் கூடாது. நாளைக்கு இரண்டு முறை போதும். மூன்றாவது, புதிய தூய துணியால் ஒற்றி எடுத்தல் வேண்டும். வீட்டில் எல்லாரும் துடைக்கும் துண்டு ஆகாது. நான்காவது, தோல் உலர்ந்தபின் மணமும் நிறமும் இல்லாத களிம்பை மிக மெல்லியதாகத் தடவுதல் வேண்டும். தடவிய இடம் பளபளக்கலாம், வழிதல் கூடாது. மிகுதியை ஒற்றி எடுத்துவிட வேண்டும். முதல் சில நாட்களுக்குப் பிறகு, நீர் கலந்த இலேசான மணமற்ற தோற்களிம்பே தகும். தோல் இழுப்பதுபோலத் தோன்றும்போது தடவினால் போதும். நாளைக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது. கிருமிநாசினிக் களிம்புகளை மருத்துவர் சொல்லாமல் இடுதல் கூடாது. சிலருக்கு அவை ஒவ்வாமையை உண்டாக்கும்.

விலக்க வேண்டியவையும் உண்டு. தினவு எடுத்தால் சொறிதல் கூடாது. பொருக்கைப் பிய்த்தல் கூடாது. கடல், குளம், கிணறு ஆகியவற்றில் இரண்டு மூன்று வாரங்களுக்கு மூழ்குதல் ஆகாது. திருவொற்றியூர்க் கடற்கரையும் எண்ணூர்க் கழிமுகமும் நமக்கு அருகில்தான் உள்ளன. ஆனால் அந்த நீர் திறந்த புண்ணுக்கு உரியது அன்று. நேர் வெயில் படாமல் தளர்ந்த பருத்தி ஆடையால் மூடுதல் வேண்டும். வெயில் தடுக்கும் களிம்பைப் புண் ஆறிய பின்னரே இடலாம்.

சாத்தாங்காட்டில் உழைக்கும் இளைஞர்க்கு ஒரு சொல். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் காயங்களில் கரித்தூள் புகுந்து, ஆறிய பின்னும் நீலநிறத் தழும்பாக நின்றுவிடுவதை மருத்துவர் நன்கு அறிவர். குத்தியவர் ஒருவரும் இலர்; ஆனால் பச்சை நின்றுவிடுகின்றது. தகடு அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் பறக்கும் துகள், புதிய பச்சையின் துளைகளில் புகுந்தால் அதே நிலை நேரும். நீங்கள் விரும்பி எழுதிய பெயரின்மேல், நீங்கள் விரும்பாத எழுத்தை இரும்புச் சந்தை எழுதிவிடும். ஆகவே தூசி வேலையில் உள்ளவர்கள் சில நாள் விடுப்புக் கிடைக்கும் காலத்தில் குத்திக்கொள்ளுதல் நலம். அது முடியாவிடில் வேலை நேரத்தில் தூய கட்டினால் மூடி, வேலை முடிந்ததும் கட்டை நீக்கிக் கழுவுதல் வேண்டும். இரணஜன்னி என்னும் கொடிய நோயைத் தடுக்கும் ஊசியை உரிய காலத்தில் போட்டிருத்தலும் வேண்டும்.

இப்பொழுது பழைய முறையையும் புதிய அறிவையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். குத்தியபின் கழுவினார்களே, அது சரி. காய விடாமல் நெய்ப்புக் கொடுத்தார்களே, அதன் கருத்தும் சரி. 1962-இல் ஓர் ஆய்வு மெய்ப்பித்த உண்மையின் நிழல் நம் பாட்டிமாரின் எண்ணெய்க் கிண்ணத்தில் இருந்தது. ஆனால் பலர் விரல் தோய்த்த கிண்ணம் தூயது அன்று. மஞ்சளுக்குச் சில கிருமிகளைத் தடுக்கும் ஆற்றல் உண்டு என்பது ஆய்வுக்கூடத்தில் கண்ட உண்மை. அதற்காகக் கடையில் வாங்கிய மஞ்சள் பொடியைத் திறந்த புண்ணில் தூவலாகாது. அது கிருமி நீக்கிய பொருள் அன்று. நிறத்துக்காக ஈயம் கலந்த நஞ்சைச் சேர்த்து விற்பாரும் உளர். ஒரே ஊசியால் பலருக்குக் குத்தியது பழைய முறையின் பெருங்குறை. காயத்தைக் கிருமியினின்று காக்கும் முறையை லிஸ்டர் வெளியிட்டதே 1867-இல்தான். நீராவி அழுத்தத்தால் கருவிகளைத் தூய்மை செய்யும் கலத்தைச் சாம்பர்லாந்து அமைத்தது 1879-இல். பள்ளிக்கூட வாயிலையே மிதிக்க விடாத பெண்களிடம், அன்று மேனாட்டுப் பேரறிஞர்க்கே புதிதாக இருந்த அறிவு இல்லையே என்று குறை கூறுதல் நடுவுநிலை ஆகாது. அந்த அறிவெல்லாம் கிடைத்த பின்னும், திருவிழாக் கடைகளில் ஒரே ஊசியையும் ஒரே மைக்குப்பியையும் பலருக்குப் பயன்படுத்தும் இக்காலத்தாரையே குறை கூறுதல் வேண்டும். கல்லீரல் அழற்சியை உண்டாக்கும் பி, சி வகை நச்சுயிர்களும் எச்.ஐ.வி. நச்சுயிரும் ஊசி வழியாகப் பரவக்கூடும். பி வகை நச்சுயிர் உடலுக்கு வெளியே ஏழு நாட்களுக்குக் குறையாமல் உயிர்ப்போடு இருக்கும். உறை பிரிக்காத புதிய ஊசியை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. பச்சை குத்திக்கொண்டவர் 12 திங்கள் குருதிக்கொடை அளிக்கலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டு நெறிகள் கூறுவதும் இக்காரணம் பற்றியே ஆகும்.

சிவப்பு நாள்தோறும் பரவினால், வலி குறையாமல் ஏறினால், சீழோ காய்ச்சலோ கண்டால், புண்ணிலிருந்து சிவந்த கோடு மேலேறினால், வீட்டு மருந்தை நிறுத்தி மருத்துவரிடம் செல்லுங்கள். வடசென்னையார்க்கு ஸ்டான்லி மருத்துவமனை அருகிலேயே உள்ளது. பெற்றோர்க்குத் தெரிந்துவிடுமே என்று அஞ்சிப் புண்ணை மறைத்தல் கூடாது. பெற்றோரின் சினம் இரண்டு நாளில் ஆறும். புரையோடிய புண் அவ்வாறு ஆறாது.

மாணவர்களே, குத்திக்கொள்ளுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. குத்திக்கொள்ளாதீர்கள் என்றும் ஆணையிடவில்லை. உரிய வயது வந்தபின், நன்கு எண்ணிப் பார்த்து நீங்களே முடிவு செய்யவேண்டியது அது. அவ்வாறு எண்ணும்போது இந்த வரலாற்றையும் எண்ணுங்கள். விருப்பத்தோடு இட்ட குறி அணியாகின்றது. வற்புறுத்தி இட்ட குறி இழிவாகின்றது. ஊசி ஒன்றே, மை ஒன்றே, இடுபவரின் எண்ணமும் ஏற்பவரின் உரிமையும்தான் வேறு. கோத்னா குத்தப்பட்ட கைதியின் நெற்றியும், குற்றப் பரம்பரை என்று எழுதப்பட்ட குலத்தின் பெயரும் நமக்கு அதையே உணர்த்துகின்றன. பிறர்மேல் அழியாத குறி இடும் செயல் ஊசியால் மட்டும் நடப்பதன்று. சட்டத்தாலும் நடக்கும், சொல்லாலும் நடக்கும். வகுப்பறையில் ஒருவனுக்கு நாம் இடும் பட்டப்பெயரும் அத்தகையதே. தோலில் பட்ட புண்ணைத் தூய நீரும் அளவான நெய்ப்பும் சில வாரப் பொறுமையும் ஆற்றிவிடும். மனத்தில் பட்ட புண்ணுக்கும் மருந்து அவையே: தூய்மை, அளவறிந்த பரிவு, பொறுமை.

புதுப்பானையைக் கவிழ்த்துக் கரி எடுத்து, பாடிக்கொண்டே குத்தி, கழுவி அனுப்பிய அந்தக் குறவர் மகளிரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் எழுதிய ஏடுகளோ, அவற்றைத் தாங்கிய மேனியோடு மறைந்துவிட்டன. ஆயினும், புண்ணை மதித்து ஆற்றுக என்று அவர்கள் கற்பித்த பாடம் மறையவில்லை. அதனை இன்றைய அறிவோடு சேர்த்துக் கற்றுக்கொள்வோமாக.